தன்னால ஓடின எழுத்து

எனக்கு எழுபத்தெட்டு வயசு. பெத்தது நாலு, தங்கச்சி பிள்ளைகளையும் சேத்து வளத்தது ஆறு. எழுத்துன்னா என் பேரைப் போட மட்டும் தெரியும். ஆனா பீடி சுத்துன கை இது. ஒருத்தி விரல் ஓடுறதைப் பாத்தே எங்க பிசகுதுன்னு சொல்லிருவேன்.

தொண்ணூறுகள்ல, பேட்டையில ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல என் கடைசி மக டைப் அடிச்சா. பீடி சுத்துற பொம்பளைகளுக்கு அடையாள அட்டை கிடைக்க ஒரு பேர்ப்பட்டியல். மூணு மாச வேலை. என் பேரும் அதுல உண்டு. கொடுக்க ஒரு நாள்தான் பாக்கி, வேற பிரதி கிடையாது.

அன்னைக்கு மத்தியானம் மகளுக்குச் சோறு கொண்டு போனேன். செருப்பை வெளிய விட்டுட்டுத்தான் உள்ள போகணும். ஏசிக் குளிரு, சன்னலெல்லாம் திரை போட்டு இருட்டு, பச்சை எழுத்து மட்டும் மினுங்குது. அப்பத்தான் யாரோ ஒருத்தர் ஒரு பிளாப்பியைக் கொடுத்து, "மனு ஒண்ணு இருக்கு, எத்தனை பக்கம்னு பாத்து வைம்மா, டீ குடிச்சிட்டு வாரேன்"னுட்டுப் போயிருக்கார். மக அதைத் திரையில போட்டா. திரை ஒரு தடவை அணைஞ்சு எரிஞ்சுது. வேற ஒண்ணும் வரல.

"வெறும் தாளும்மா"ன்னு சிரிச்சிட்டு, பட்டியல் வேலைக்குத் திரும்பி ஒரு பட்டனைத் தட்டினா.

ஒரே ஒரு தட்டு. வரி முழுக்க எழுத்து ஓடிச்சு. அவ விரல் அந்தரத்துல நிக்குது, எழுத்து தன்னால போகுது. அதுக்கடியில இன்னும் ரெண்டு வரி வந்து நின்னுக்கிட்டு, எங்களையே பாக்குற மாதிரி மினுக்கு மினுக்குன்னுச்சு.

மெஷின் எதைக் கேட்டாலும் வாசிக்காமலே ஆமான்னு தட்டுறது அவ பழக்கம். விரல் இறங்குச்சு. நான் மணிக்கட்டைப் பிடிச்சிட்டேன்.

"விடும்மா, வேலை கிடக்கு."

"ஏட்டி, நீ ஒண்ணு தட்டினா அது ஒம்பது தட்டுது. உங்க சாரைக் கூப்பிடு."

சென்டர் நடத்துற சார் பைய எந்திரிச்சு வந்தார். வாசிச்சதும் மொகம் வெளுத்துருச்சு. "எல்லாத்தையும் அழிக்கட்டுமான்னு கேக்குது"ன்னு சொல்லி மெயின் சுவிட்சை அணைச்சார்.

"நான் சும்மா பாக்கத்தானே செஞ்சேன் சார்"ன்னு மக அழுதா.

"பாத்ததே போதும்மா. கண்ணுக்குத் தெரியாத கட்டளையை மனுவுக்குள்ள எழுதி வச்சிருக்கான். திரையில காட்டுறப்பவே மெஷின் அதைக் கேட்டு, பட்டனோட வேலையை மாத்திக்கிடுச்சு."

சுவிட்சைத் திரும்பப் போட்டப்ப பட்டியல் அப்படியே இருந்துச்சு. டீ குடிக்கப் போனவர் வரவே இல்ல. எங்க மேல அவருக்கு என்ன கோவமோ, இன்னைக்கு வரைக்கும் தெரியல.

வாசிக்கத் தெரிஞ்சவங்க கண்ணுக்கும் படாம எழுத்துக்குள்ள ஒண்ணு உக்காந்திருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். இதை நான் சொல்லச் சொல்ல பேத்திதான் எழுதுதா. ஏளா, முதல்ல இருந்து ஒரு தடவை வாசிச்சுக் காட்டு. நான் சொல்லாதது ஒண்ணும் உள்ள இருக்கக் கூடாது.