அன்னம்மா ஓட்டப்போகும் காருக்கு நாலு டயர்

அக்கா அன்னம்மாவின் புருஷன் ஐயாவு ஒரு டயர்கூடத் தன் கடையில் வாங்கியதில்லை என்கிற மனத்தாங்கல் செல்லனுக்குப் பல வருஷமாகவே உண்டு. மலேசியாவின் கோல சிலாங்கூர் கடைத்தெருவில் மைத்துனன் டயர்க் கடை வைத்திருக்க, அந்த மனுஷன் அதைத் தாண்டி செகிஞ்சானுக்குப் போய், சீன முதலாளி தவுக்கேயிடம் செலுப் டயர் மாட்டிக்கொண்டு வருவார். தேய்ந்த டயரின்மேல் புது ரப்பர் ஒட்டியது அது. திரும்பும்போது செல்லன் கடைக்கு முன்னால் ஹாரன் வேறு அடிப்பார்.

ஐயாவு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தோட்டத்து ரப்பர்ப் பால் லோரியை ஓட்டிக் காலம் தள்ளியவர். அவருடைய பழைய டட்சனைத் தோட்டமே தன் கார் என்று நினைத்துக்கொண்டிருந்தது. பிரசவ வலி கண்டவளோ, பாம்பு கடித்தவனோ, யார் வந்து கதவைத் தட்டினாலும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பெட்ரோலுக்குக் கொடுத்தால் வாங்குவார். கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார். பின் சீட்டிலேயே பிறந்துவிட்ட ஒரு பெண்பிள்ளைக்கு நவமணி என்று அவர்தான் பேர் வைத்தார். அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை.

எண்பத்தாறாம் வருஷம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. இனி கார் ஓட்டக் கூடாது என்று கிள்ளான் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அன்னம்மா, நாற்பது வயசுக்கு மேல் லைசென்ஸ் எடுக்கக் கிளம்பினாள். முதல் தடவை மேட்டில் கார் பின்னால் உருண்டு தோற்றாள். அடுத்த தடவை வாங்கிவிட்டாள்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் டட்சன் செல்லன் கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தது அன்னம்மா. தம்பியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கூடையோடு காய் வாங்கப் போனாள். ஐயாவு மெதுவாக இறங்கினார்.

"நாலும் மாத்தணும், மச்சான்."

"ஏன் மாமா, செகிஞ்சான் ரோட்டை மூடிட்டாங்களா?"

அவர் அடுக்கி வைத்த டயர்மேல் உட்கார்ந்தார். செல்லன் குனிந்து பார்த்தான். ரோட்டில் படுகிற பக்கம் அவ்வளவாகத் தேயவில்லை. பக்கவாட்டில்தான் காய்ந்த வயல் மாதிரி வெடிப்பு. விரலால் தடவி மோந்தான்.

"என்ன தடவினீங்க இதுல?"

"வெள்ளிக்கிழமை பொட்டு வைக்கிறப்ப கொஞ்சம் எண்ணெய். பளபளன்னு இருக்கும்லா."

"ரப்பர் மரத்தடியிலயே பொறந்தவரு. எண்ணெய் பட்டா ரப்பர் கெட்டுப்போகும்னு தெரியாதா?"

ஐயாவு தலையைச் சொறிந்தார். "அதான் சீக்கிரம் சீக்கிரமா வெடிச்சுதா? பாவம் அந்தத் தவுக்கே. போறப்பல்லாம் திட்டியிருக்கேன்."

"என்கிட்ட வாங்கியிருந்தா என்னையும் திட்டியிருப்பீங்க."

"அதுக்குத்தானடா வரல. உன்னைத் திட்டிட்டு உங்கக்கா கையால சோறு திங்க முடியுமா?"

செல்லன் உள்ளே போய் ஒரு புது டயரை உருட்டிக்கொண்டு வந்தான். ஐயாவுவின் பார்வை கடை மூலையில் கிடந்த செலுப் டயர்மேல்தான் இருந்தது.

"அந்தத் தடியானதைப் போடு. தோட்டத்துச் சேத்துக்குத் தாங்கும்."

"சேத்துக்குத் தாங்கும். கிள்ளான் ரோட்டு வெயில்ல ஒட்டின ரப்பர் உரிஞ்சுக்கிட்டா?"

"நான் ஓட்டலயா இத்தனை நாளும்?"

"நீங்க லோரிக்காரரு. அக்கா இப்பத்தான் கியர் மாத்தப் பழகுது."

தெருவில் அன்னம்மா கூடையோடு வந்துகொண்டிருந்தாள். ஐயாவு அவளையே பார்த்தார்.

"சரி, புதுசே போடு. மழையில வழுக்காததா பாத்துப் போடு. நான் இல்லாதப்பவும் அவ ஓட்டணும்."

வேலையாளை நகரச் சொல்லிவிட்டு, நாலையும் செல்லன் தன் கையாலேயே மாட்டினான். காற்றை இரண்டு தரம் பார்த்தான்.

மழைக்காலம் தொடங்கியபோது ஐயாவுவைக் கிள்ளான் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். செல்லன் போய்ப் பார்த்தான். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. நாளைக்கு அக்காவைத் தன் வேனில் அழைத்து வருவதாகச் சொன்னான். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவனிடம் அவர் கடைசியாகக் கேட்டுக்கொண்டது அப்போதுதான்.

"அவளே ஓட்டிக்கிட்டு வரட்டும். நீ பக்கத்துல உக்காந்து வா, மச்சான். மெதுவாப் போ, பிரேக்கை மிதின்னு ஒண்ணும் சொல்லாத. பயமா இருந்தாலும் வாயை மூடிக்கிட்டு வா."