கண்ணை மூடினால் நாறும் தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை காளவாசல் பக்கம் செல்லப்பாண்டி வீட்டுக்குப் போயிருந்தேன். கல்லூரியில் என் பெஞ்ச்மேட். இப்போது ஆளுங்கட்சியில் வட்டச் செயலாளர். அவன் மகள் யாழினிக்கு மஞ்சள் காமாலை வந்து, இப்போதுதான் தேறியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு சாத்துக்குடிப் பையோடு போனேன்.

டம்ளரில் தண்ணீர் கொடுத்தார்கள். வாய்க்குக் கொண்டு போனால்... குப்பென்று சாக்கடை வாடை!

"என்னடா மாப்ள, தண்ணி இப்பிடி நாறுது?"

"நாறுதா? நல்லாத்தானே இருக்கு" என்றான் செல்லப்பாண்டி. சிரிக்கவில்லை. டம்ளர் பக்கம் பார்வையே போகவில்லை.

உள்ளேயிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குண்ணே. பிள்ளைக்குக் கொதிக்க வச்சுத்தான் குடுக்குறோம்." அதே ராகம், அதே முகம். எனக்கு ஒரு நிமிஷம் உள்ளுக்குள் பயமாகிவிட்டது. நிஜமாகவே என் மூக்கில்தான் கோளாறோ?

வெளியே வந்ததும் எதிர் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் எதிர்க்கட்சி. "கொடலப் புடுங்குதுண்ணே! இவிங்க ஆட்சியில வேற என்ன வரும்?" என்றார்.

அப்பாடா, மூக்கு தப்பித்தது. ஆனால் நிம்மதி தெருமுனை வரைகூட வரவில்லை. போன ஆட்சியில் இதே தெருவில் 'தண்ணீர் நாறுகிறது' என்று மறியல் செய்தவன் யார் தெரியுமா? செல்லப்பாண்டி! 'தேன் மாதிரி இருக்கு' என்று சாதித்தவர் இந்த எதிர் வீட்டுக்காரர். குழாய் அதே குழாய்தான். அன்றும் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை, இன்றும் பார்க்கவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் மூக்கு மட்டும் வீடு மாறுகிறது.

புதன்கிழமை அந்தத் தெருப் பள்ளியில் எனக்கு ஒரு நிகழ்ச்சி. எட்டாம் வகுப்புக்கு 'ஜனநாயகம்' பற்றிப் பேச வேண்டும் என்று மும்தாஜ் டீச்சர் கூப்பிட்டிருந்தார். என் லெக்சரைக் கேட்டுப் பிள்ளைகள் தூங்குவானேன்? ஆளுக்கொரு பாட்டிலில் வீட்டுக் குழாய்த் தண்ணீர் கொண்டு வரச் சொன்னேன்.

'தண்ணீர் எப்படி?' என்று கேட்டதும் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள்.

"எங்க வீட்ல நல்லா இருக்கு சார்."

"எங்க வீட்ல நாறுது சார்."

பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே குழாய்! ஒருவரும் மூடியைத் திறக்கவில்லை. எந்த வீடு எந்தக் கட்சி என்று தெரிந்த டீச்சர், ஒவ்வொருவரும் வாயைத் திறக்கும் முன்பே பதிலை என் காதில் சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

யாழினியும் அதே வகுப்புதான். எழுந்தாள். கண்ணில் இன்னும் மஞ்சள் முழுசாகப் போகவில்லை. "நல்லா இருக்கு சார்." அம்மாவின் அதே ராகம்.

டீச்சர் பாட்டில்களைக் கலைத்து, மாற்றிக் கொடுத்தார். எது யார் வீடு என்று யாருக்கும் தெரியாது. "எல்லாரும் கண்ண மூடுங்க. பாட்டில் மூடியத் தெறந்து மோந்து பாருங்க. நாறுச்சுன்னா கையத் தூக்குங்க. யாரும் யாரையும் பாக்கக் கூடாது."

ஒரு கை எழுந்தது. இன்னொன்று. அப்புறம் மொத்த வகுப்பும். மூடிய கண்களுக்கு மேலே கைகள்... பட்டப்பகலில் எனக்குப் புல்லரித்தது.

"சரி, கண்ணத் தொறங்க" என்றேன்.

முதலில் கைகள் இறங்கின. பிறகுதான் கண்கள் திறந்தன. கிட்டத்தட்ட எல்லோருக்கும் அப்படியே! இதை இந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நீங்களும் நானும்தான், வேறு யார்?

ஒரு கை மட்டும் இறங்கவில்லை. யாழினி. கண்ணை இறுக்க மூடியபடியே கேட்டாள்.

"கண்ணத் தொறந்துட்டா, நல்லா இருக்குன்னு சொல்லணுமா சார்?"

ஜனநாயகம் பற்றிப் பேச வந்தவன் நான். பதிலுக்கு டீச்சரைப் பார்த்தேன். மும்தாஜ் டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் செல்லப்பாண்டியிடமிருந்து போன்.

"மக எல்லாத்தையும் சொல்லிட்டா மாப்ள." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இன்னொரு தடவ காமால வந்தா அவ ஒடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கெழம பகுதி சபை... வார்டு சனம் பூராம் வரும். கொழாய மாத்துங்கன்னு யாராச்சும் கேக்கணும். நான் கேட்டா, கட்சியில என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாய்ங்க."

"அப்ப என்ன செய்யப் போற?"

"அங்கயும் எல்லாரையும் கண்ண மூடச் சொல்ல முடியுமா?"

"சொல்லிப் பாக்கலாம்டா."

"எல்லாரும் மூடிட்டா... கைய எண்ணுறது யாரு மாப்ள?"

"ஒம் மக எண்ணட்டும்" என்றேன்.