முதுகு மட்டும் தெரிந்த கவிஞர்

சின்ன காஞ்சிபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டில் ஒரு சினிமா எடுத்தார்கள். இயக்கியவள் என்னோடு கல்லூரியில் படித்த தோழி. இல்லாத ஒரு கவிஞரை இரண்டு நண்பர்கள் உருவாக்குவதுதான் கதை. தறி நெய்தபடியே எழுதி, யாருக்கும் தெரியாமல் இறந்துபோன ஒரு பெண் என்று சொல்லி, பத்திரிகைகளுக்குக் கவிதைகளை அனுப்புவார்கள். எல்லாரும் நம்பிவிடுவார்கள். அவள் வீடு எங்கே என்றுகூட ஒருவரும் கேட்கமாட்டார்.

அந்தக் கவிதைகளை என்னை எழுதச் சொன்னாள். நான் ஒரு பட்டுக்கடைக்குக் கம்ப்யூட்டரில் புடவை பார்டர் வரைந்து கொடுப்பவள். எப்போதாவது எழுதுவேன், எதுவும் அச்சில் வந்ததில்லை.

"நல்லா இருக்கணும். ஆனா உன்ன மாதிரி இருக்கக் கூடாது," என்றாள்.

அது மழைக்காலம். காலையில் கீழ்த்தெருவிலிருந்து தறிச் சத்தம் ஈரத்தோடு மேலே வரும். ஜன்னலருகே உட்கார்ந்தால் யாரோ சொல்லச் சொல்ல நான் எழுதுவதுபோல இருந்தது. 'நனைந்த நூலுக்கு இரண்டு நிறம்: ஒன்று நான் பார்க்கையில், ஒன்று நான் திரும்புகையில்' என்று ஒருநாள் வந்தது. என் பேனாவில்தான் வந்தது, ஆனாலும் கூச்சமாக இருந்தது. பிறர் வீட்டுக் கண்ணாடியில் முகம் பார்ப்பது மாதிரி.

படத்தில் அந்தப் பெண்ணுக்கு முகம் கிடையாது. ஒரே ஒரு புகைப்படம், அதுவும் பின்னாலிருந்து. நடிகை யாரும் தேவைப்படாததால் என்னையே ஜன்னல் பக்கம் திரும்பி நிற்க வைத்து எடுத்தார்கள். பிறகு அதைப் பழுப்பாக்கிப் பழைய படம்போல ஆக்கிவிட்டார்கள்.

படம் வெளிவந்த சில வாரங்களில் ஒரு இணையச் சேனலிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். போனில் அந்தப் புகைப்படத்தைக் காட்டி, "இவங்கள உங்களுக்குத் தெரியுமா மேடம்?" என்றார்.

"நான்தான் அது."

அவர் மரியாதையாகச் சிரித்தார். "இது ரொம்பப் பழைய போட்டோ மேடம்."

"பழசாக்குனது. கவிதையும் நான் எழுதுனதுதான். அப்படி ஒருத்தர் இல்லவே இல்லன்றதுதானே படத்தோட கதை?"

"படத்துல அப்படித்தான் சொல்வாங்க. உண்மைய மறைக்கத்தான் அப்படி எடுத்திருக்காங்கன்னு கமெண்ட்ல நிறைய பேர் சொல்றாங்க."

கீழே இறங்கிப்போனவர் பக்கத்து வீட்டு அக்காவிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் வீடியோ வந்தது. தலைப்பில் ஒரு கேள்விக்குறி. அதற்குக் கீழே அக்கா நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இருந்தாங்கபா. யார்கிட்டயும் பேசமாட்டாங்க. ஜன்னலாண்ட நின்னுக்கினே இருப்பாங்க."

நான் அக்காவிடம் போய்க் கேட்டேன். "ஏன்கா அப்படிச் சொன்னீங்க?"

அவருக்குக் கொஞ்சமும் சங்கடமில்லை. "அந்தப் பையன் அவ்ளோ ஆசையா கேட்டுக்கினு நின்னாம்மா. இல்லன்னு எப்படிச் சொல்றது? அப்புறம் சொல்லச் சொல்ல எனக்கே ஞாபகம் வர்ற மாதிரி இருந்துச்சி. பச்சைப் புடவைதானே கட்டுவாங்க?"

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. பச்சைதான் என்று எனக்கும் தோன்றியது.

பிறகு வேறு சேனல்கள் அந்த வீடியோவையே ஆதாரமாகக் காட்டின. ஒரு நாளிதழ் அவள் வாழ்ந்த தெரு என்று எங்கள் தெருவைப் போட்டது. வெளியூரிலிருந்து கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் மல்லிகைச் சரத்தோடு வந்து, நிலைப்படியில் வைத்துவிட்டு என்னிடம் பேசாமலே போனார்கள். ஓரிக்கைப் பாலத்தில் பஸ் போகும்போது யாரோ அவளுடைய வரியைச் சொல்வது காதில் விழுந்தது. ஆற்றில் வெயில் பரவிக் கிடந்தது. எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.

அந்தப் பொறாமையில்தான் என் பெயரில் புதிதாகச் சில கவிதைகளை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியரே போன் செய்தார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா அவங்க சாயல் ரொம்பத் தெரியுது. உங்க குரல்ல எழுதுங்களேன்."

"அவங்களே நான்தான் சார்."

"இப்ப நிறைய பேர் அப்படித்தாம்மா சொல்றாங்க," என்றார் பரிவோடு.

தோழிக்குச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, நிருபர்களைக் கூப்பிட்டு, படப்பிடிப்பில் எடுத்த காட்சிகளைப் போட்டுக் காட்டினாள். அதே ஜன்னலருகே நான் நிற்கிறேன். "இன்னும் கொஞ்சம் திரும்புங்க" என்கிறது ஒரு குரல். அந்தச் சேனல் ஒருவரித் திருத்தம் போட்டது. அதைப் பார்த்தவர்கள் குறைவு. மல்லிகை வருவது மட்டும் மெல்ல நின்றது. பத்திரிகை ஆசிரியர் இரண்டு கவிதைகளை என் பெயரிலேயே போட்டார். வருத்தம் என்று எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வைகாசி கருட சேவைக்குத் தெருவே நிரம்பியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஊரிலிருந்து வந்த தன் நாத்தனாரிடம் என்னைக் காட்டி, "இவங்கதான் அந்தக் கவிதைலாம் எழுதுனவங்க," என்றார்.

நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவங்க செத்துட்டாங்கன்னாங்களே?"

"அதெல்லாம் டிவில சொல்றதுமா," என்றார் அக்கா. பெருமாள் திருப்பத்துக்கு வந்துவிட்டார். மூவரும் கை கூப்பினோம்.