வளர்ற புள்ளைக்கு எடுத்த கிட்டார்

மாமா அந்தக் கிட்டாரை பஸ்ஸில் ஏற்றிய விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் அப்போது கண்டியிலிருந்து புசல்லாவை போகும் பஸ்ஸில் கொண்டக்டர். ஆட்களைக் கோணி மூட்டைபோல் உள்ளே தள்ளி ஏற்றுகிற மனிதர், அன்றைக்கு முன்சீட்டில் கிட்டாரை உட்காரவைத்து, "யாரும் இதுமேல சாஞ்சிறாதீங்கப்பா, எங்க அக்கா மகளோடது" என்று குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் பஸ் எடுத்ததிலிருந்து வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா மகளான நான் அந்த வழி முழுக்க நின்றுகொண்டு வந்தேன். கிட்டாருக்கு சீட், எனக்குப் பிடித்துக்கொள்ளக் கம்பி. ஆனாலும் அன்றைக்கு என் சந்தோசத்தை அளக்க முடியாது.

அப்பா தவறிய பிறகு எங்களுக்கு வேண்டியதையெல்லாம் எடுத்துக் கொடுத்தவர் அம்மாவின் தம்பியான இந்த மாமாதான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம் அவருக்கும் இருந்தது: பிள்ளைகளுக்கு எதை எடுத்தாலும் ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது. சப்பாத்து முனையில் பழைய பேப்பரைத் திணித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் நடந்தோம். வெள்ளைக் கவுனின் அடியில் அகலமாக மடித்துத் தைத்திருக்கும். பிள்ளை உயர உயர அந்த மடிப்பு இறங்கும். கிட்டார் எடுக்கப் போன அன்றும் அதே கதை நடந்தது. கடையில் இரண்டு தொங்கின. என் கண் சின்னதன் மேல் போனது. மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வளர்ற புள்ளைங்க, பெருசாவே குடுங்க" என்றார் கடைக்காரரிடம். கிட்டாரும் சப்பாத்தும் ஒன்றா என்று கேட்க அந்த நேரம் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். மாமா கணக்குத் தப்பாது என்றே நம்பினேன்.

கொடுமை என்னவென்றால், நான் வளரவே இல்லை. ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டேன். கிட்டாரின் வயிறு என் மடியில் அடங்காது. அதைத் தாண்டி வலது கையைத் தந்திக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் தோள் காதுவரை ஏறிவிடும். கிட்டார் என்றால் இப்படித்தான் பிடிப்பார்கள்போல என்று நினைத்துக்கொண்டு பழகினேன். அதைத் தூக்கிக்கொண்டுதான் அம்பிட்டியவில் முன்பள்ளி டீச்சராகவும் சேர்ந்தேன். பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார்ந்தால் அவர்களுக்குத் தெரிவது கால்வாசி டீச்சர், முக்கால்வாசி கிட்டார். ஆனால் காலையில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளையை, திட்டாமல் அதட்டாமல், ஒரு பாட்டிலேயே உள்ளே வரவைத்துவிடுவேன். அந்த ஒரு வித்தைதான் எனக்குத் தெரியும்.

போன வருடம் தோள் இறுகிக்கொண்டது. தலை சீவக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த மிஸ், கிட்டாரை நான் எப்படிப் பிடிக்கிறேன் என்று காட்டச் சொன்னார். காட்டினேன். "ஒண்ணு கிட்டார மாத்துங்க, இல்லாட்டி நிப்பாட்டுங்க" என்றார் முகத்துக்கு நேரே. நிறுத்தினால் நான் என்ன டீச்சர்? மாற்றலாம் என்றாலோ, மாமா இருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும், "நான் எடுத்துக் குடுத்த கிட்டாராலதான் எங்க புள்ள டீச்சரானா" என்பார். அந்த மனிதரிடம் போய், நீங்கள் எடுத்தது எனக்கு ஒத்துவரவில்லை என்று எந்த வாயால் சொல்வது? தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் காலத்தைக் கடத்தினேன். கடைசியில் கை தந்தியைத் தொடவே பயப்படத் தொடங்கியபோது, ஒரு சனிக்கிழமை அவருக்குத் தெரியாமல் போய் ஒரு சின்னதை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

என் நேரம், அதே சனிக்கிழமை கண்ணைக் காட்டுவதற்கு மாமா கண்டிக்கு வந்திருக்கிறார். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் என்னைப் பிடித்துவிட்டார். எங்கே போகிறாய் என்றார். எனக்குப் பொய் சொல்ல வராது. "கிட்டார் கடைக்கு" என்றேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "வா, நானும் வர்றேன்" என்று முன்னால் நடந்தார்.

அவர் பக்கத்தில் நிற்க, நான் சின்னதைத் திரும்பியும் பார்க்காமல் ஒரு பெரிய கிட்டாரைத் தூக்கி மடியில் வைத்தேன். கடையில் நின்ற முஸ்லிம் தம்பிக்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், ஒங்கட தோள் எங்கயோ போகுது. இந்தச் சின்னதையும் ஒருக்கா புடிச்சிப் பாருங்களேன்" என்றார். சத்தம் போதுமா என்று இழுத்தேன். "சின்னதுன்னா புள்ளைகள்ட கிட்டார் இல்ல டீச்சர். தந்தி நீளம் கிட்டத்தட்ட அதேதான். வயிறு மட்டும் ஒடுக்கமா ஈக்குது. வகுப்புல பாட இது தாராளம்" என்றார். நான் கை நீட்டவில்லை. மாமாவைப் பார்த்தேன். மாமா, அன்றைக்குப் பார்த்தது போலவே, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அவளுக்கு அளவானதையே குடுங்க தம்பி. இனிமே இவ எங்க வளரப் போறா?"

அப்பாடா! கடையே சிரித்தது. எனக்கு அழுகைதான் வந்தது. இந்த ஒரு வார்த்தைக்கா இத்தனை மாதம் பயந்து செத்தேன்? "அப்ப வீட்டுல இருக்குற பெருச என்னா செய்றது மாமா?" என்றேன். "எங்க வீட்டுக்கு அனுப்பு. வர்றவங்களுக்குக் காட்ட எனக்கும் ஒண்ணு வேணுமே" என்றார், கொஞ்சமும் முகம் மாறாமல்.

அங்கிருந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து சின்னதை மடியில் வைத்தேன். கை தானாகவே தந்தியில் போய் விழுந்தது. தோள் இருந்த இடத்திலேயே இருந்தது. பெரிய கிட்டாரில் என் குரல் அதன் முழக்கத்தோடு மல்லுக்கட்டும். இதில் இரண்டும் ஒன்றாகக் கேட்டன. முன்பள்ளியில் பாடுகிற தவளைப் பாட்டை, இருக்கிற இடத்தை மறந்து முழுதாகப் பாடினேன். நிமிர்ந்தபோது மாமா குனிந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, பாடும்போது நீ சிரிப்பியா?"

"ஏன் மாமா?"

"இம்புட்டுக் காலமும் மொகத்தச் சுளிச்சிக்கிட்டுத்தானே பாடுவ? எங்க புள்ள பாட ஆரம்பிச்சா பாட்டுல உருகிப் போயிரும்னு ஊரு பூரா சொல்லி வச்சிருக்கேனே!"

"அது வலி மாமா" என்றேன்.

மாமா இன்னொரு கதிரையை இழுத்து எனக்கு நேரே போட்டு உட்கார்ந்து, "மறுபடி பாடு" என்றார்.