கவுண்டர் அக்கா சொன்ன யோசனை

மனித உரிமை ஆணையத்தின் கீழ்த்தளத்தில், விசாரணைக் கவுண்டரின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களை விசாரிக்கிற அம்மாளுக்குப் பெயரே கவுண்டர் அக்கா என்றாகிவிட்டது. மாடியில் விசாரணை நடத்தும் பெரிய மேடம்கூட அப்படித்தான் கூப்பிடுவார். வாய் ஓயாதவள். கல்யாணத்தன்று வாழ்த்த வந்தவர்களிடமும் "வரிசையா வாங்க, தள்ளாதீங்க" என்றாள் என்பது அவள் கணவர் அடிக்கும் கேலி.

முறையிட வருகிறவர்களிடம் அவளுடைய முதல் கேள்வி ஒன்றேதான். "யாராவது கை வெச்சாங்களா?" போலீஸோ அதிகாரியோ அடித்திருந்தால் மாடிக்கு அனுப்பலாம். பள்ளியில் சேர்க்கவில்லை, மருந்து கிடைக்கவில்லை, வீட்டைப் பிடுங்கிவிட்டார்கள் என்றால் ஆணையத்துக்கு அதிகாரம் கிடையாது. சட்டம் அப்படி. அடிபட்டவன்தான் மனுஷன், தாகத்தில் கிடப்பவன் மனுஷன் இல்லையா என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். அவளுக்கும் தோன்றும். தோன்றி என்ன, "இது இங்க வராதுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பெண் ஒருத்தி வந்தாள்.

"எங்க வீட்டு வரிசைக்கே குழாயை மூடிட்டாங்கக்கா. இடத்தைக் காலி பண்ணணுமாம். வீட்டுக்காரர் படுத்த படுக்கை, முதுகெல்லாம் புண்ணு. ஊரார் துணியெல்லாம் துவைக்கிறேன், அவரைத் துடைச்சுவிட ஒரு குடம் தண்ணி இல்ல."

"மூடின ஆபீசர் உங்க மேல கை வெச்சாரா?"

"ஐயோ, இல்லக்கா. மரியாதையாத்தான் பேசினார். மேலிடத்து உத்தரவும்மான்னார்."

பாழாய்ப்போன மரியாதை! கவுண்டர் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "பிடிச்சுத் தள்ளினார்னு சொல்லுங்க. கேஸ் மேல போயிடும். தண்ணி தானா வரும்."

வரவில்லை. எந்தக் கையால் தள்ளினார், எந்தப் பக்கம் விழுந்தாய் என்று பெரிய மேடம் கேட்டதும் அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். பொய் சொல்லிப் பழகாத நாக்கு குழறியது. பொய்ப் புகார் என்று கேஸை மூடிவிட்டார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று துருவித் துருவிக் கேட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. கீழே வந்து, "போயிட்டு வரேங்க்கா" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றிலிருந்து கவுண்டர் அக்காவுக்குத் தன் வீட்டுக் குழாயைத் திறக்கவே கூசியது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் "பாவி, பாவி" என்று முணுமுணுத்தாள். "நான் இன்னிக்கு ஒண்ணும் பண்ணலையே?" என்றார் கணவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு சட்டம் மாறியது. தண்ணீர், வீடு, படிப்பு, வைத்தியம் எல்லாமே ஆணையத்தின் அதிகாரத்துக்குள் வந்தன. எந்தத் துறை அதிகாரியையும் கூப்பிட்டுக் கேட்கலாம். "இனிமே ஜனங்க அடி வாங்கிட்டுத்தான் இங்க வரணும்னு இல்ல" என்று பெரிய மேடம் கீழே இறங்கி வந்து சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். கவுண்டர் அக்காவும் தட்டினாள். தட்டும்போதே துணி வெளுக்கும் பெண் நினைவுக்கு வந்தாள். அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். ஒருநாள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வாசல்வரை போனாள். நீராவியும் சோப்பு வாடையும் முகத்தில் அடித்ததும், அதையே சாக்காக வைத்துத் திரும்பிவிட்டாள். தைரியசாலி பேச்சில் மட்டும்தான்!

கடைசியில் அந்தப் பெண்ணே வந்தாள். உதடு கிழிந்திருந்தது. இடது கை கட்டுப்போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது. முகத்தில் மட்டும் ஏதோ பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்த தெம்பு.

"இந்தத் தடவை பொய் இல்லக்கா. நாலு பேர் பாக்கறப்பதான் அந்த ஆபீசர் சட்டையைப் பிடிச்சேன். முதல்ல விலகித்தான் போனார், பாவம். நான்தான் விடாம வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம்தான் அடிச்சார். சாட்சி இருக்கு. மேல அனுப்புவீங்கல்ல?"

கவுண்டர் அக்கா எழுந்து கண்ணாடிக்கு வெளியே வந்தாள். அவளுடைய அடிபடாத கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாமல் இருக்க முடியாது.

"தண்ணி இல்லன்னு சொன்னாலே போதும்மா இப்ப. சட்டத்தை மாத்திட்டாங்க. மாசக்கணக்காச்சு."

அந்தப் பெண் தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். பிறகு கவுண்டர் அக்காவைப் பார்த்தாள்.

"என்கிட்ட யாரும் சொல்லலையேக்கா" என்றாள்.