பலகையில் தொங்கிய டோக்கன்: போர்க்கப்பல் பார்க்கப் போன சனிக்கிழமை

என் அப்பா ஆறு மாதமாக ஒரு போர்க்கப்பலுக்குள் வேலை செய்தார். அதனால்தான் இந்தப் பயணம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பாலை வேலை குறைந்தபோது, மீஞ்சூருக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கும் கப்பல் பழுதுபார்க்கும் தளத்துக்கு ஒப்பந்தக்காரர் ஒருவர் ஆள் எடுத்தார். அப்பாவும் பக்கத்து வீட்டு அந்தோணி மாமாவும் சேர்ந்தார்கள். வேலை முடியும் தறுவாயில், போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நான்கு முதல் ஐந்து வரை தொழிலாளர் குடும்பங்கள் வந்து கப்பலைப் பார்க்கலாம் என்றார்கள். நான் பத்தாம் வகுப்பு. கப்பல்களைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பவள்.

அது ஏவுகணை நாசகாரி. (பெயரை எழுத வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.) நான் பிறப்பதற்கு முன்பே கடற்படையில் சேர்ந்தது. கடற்கொள்ளையர் திரியும் பகுதியில் சரக்குக் கப்பல்களுக்குத் துணையாகப் போயிருக்கிறது. புயலடித்த ஒரு தீவுக்குக் குடிநீர் கொண்டுபோயிருக்கிறது. சண்டை நடந்த துறைமுகம் ஒன்றிலிருந்து நம் ஆட்களை ஏற்றி வந்திருக்கிறது. பயிற்சியில் தவிர ஒரு ஏவுகணைகூட விட்டதில்லை. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

நானும் அம்மாவும் கும்மிடிப்பூண்டியில் 12.10 மின்சார ரயிலைப் பிடித்தோம். மீஞ்சூருக்கு ஆளுக்குப் பத்து ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு ஐம்பது, பதினான்கு கிலோமீட்டர். வழி முழுக்க கன்டெய்னர் லாரிகள்.

"கப்பல் பாக்கவா?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஆமாண்ணா, ஏவுகணை நாசகாரி."

"இன்னாது?"

"மிசைல் வுடற கப்பலுப்பா," என்றார் அம்மா.

"அப்போ தள்ளி நின்னே பாரும்மா. எதுனா பட்டன அமுக்கிக்கினு வந்துடாத."

1.40க்கு வாசலில் இருந்தோம். கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்பா வந்து கையெழுத்துப் போட்டால்தான் எங்களுக்கு அனுமதிச் சீட்டு. மதில் மேல் கப்பலின் ரேடார் கம்பம் மட்டும் தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்த அந்தோணி மாமாவை ஓடிப்போய் நிறுத்தினேன்.

"மாமா, நாங்க வந்துட்டோம்னு அப்பாகிட்ட சொல்லுங்க. சீக்கிரம் வரச் சொல்லுங்க."

"இன்னும் ரெண்டு மணி நேரம் கீதே. கப்பல் எங்கனா ஓடிடப் போவுதா?"

"ஓடிட்டா?"

"ஓடுனா உன் நைனாவும் கூடத்தான் போவான். அதுக்கு அடியிலதான கீறான்." சிரித்துக்கொண்டே போனார்.

அப்பாவின் வேலை கப்பலின் அடித்தொட்டியில் துரு சுரண்டுவது. ஆள் இறங்கும் ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் ஒரு பலகை இருக்கும். இறங்குகிறவர் தன் டோக்கனை அதில் மாட்ட வேண்டும். அதே துளை வழியாக ஏறி வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையில் டோக்கன் தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

3.20க்கு அபாயச் சங்கு ஊதியது. காவலாளிகள் ஓடினார்கள். ஆம்புலன்ஸ் உள்ளே போனது. ஹெல்மெட்டோடு வெளியே வந்த ஒருவரிடம் அம்மா விசாரித்தார்.

"வேலைய நிறுத்தி எல்லாரையும் மேல ஏத்திட்டு எண்ணிப் பாத்தாங்க. போர்டுல ஒரு டோக்கன் மிச்சம். செல்வமாம், உள்ளயே கீறானாம்."

செல்வம் என் அப்பா.

இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்தால் துரு என்று பாடத்தில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். மூடிய தொட்டியில் அந்த ஆக்சிஜன் எங்கிருந்து வரும் என்று அங்கே நின்றபோதுதான் யோசித்தேன். அப்பா மூச்சு விடும் காற்றிலிருந்து. அம்மாவிடம் சொல்லவில்லை. அவர் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

3.45க்கு, ஈரத் தலையோடு, அப்பா கதவுக்கு அந்தப் பக்கம் நடந்து வந்தார்.

"இன்னா, ரொம்ப நேரமா நிக்கிறீங்களா? மூஞ்சி கழுவிக்கினு வந்தேன்."

அம்மா கம்பி வழியாகக் கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்தார். நான்தான் சொன்னேன்: "அப்பா, உங்க டோக்கன்."

சட்டைப் பையைத் தொட்டார். மூன்று மணிக்கு மேல்தான் மாமா துளையிலிருந்து கூப்பிட்டுச் சேதி சொன்னாராம். உடனே கிளம்பியவர், பின்பக்கத் துளையைக் காற்று அனுப்பும் குழாய் அடைத்திருந்ததால் முன்பக்கத் துளை வழியாக ஏறி வந்திருக்கிறார். டோக்கன் பின்பக்கப் பலகையிலேயே தொங்கியிருக்கிறது. சங்கு வேறு யாருக்கோ என்று நினைத்தாராம்.

"யாராச்சும் என்னத் தேடி எறங்கிட்டாங்களா?" என்று காவலாளியைக் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் திரும்பி ஓடினார்.

இறங்கியவர் அந்தோணி மாமா. மற்றவர்கள் தடுத்தும் கேட்காமல், காற்றைச் சோதிக்கும் கருவி வருவதற்குள், தொட்டியில் பல நாளாக மூடிக் கிடந்த கடைசி அறையைத் திறந்து உள்ளே போயிருக்கிறார். அப்பா அங்கேதான் விழுந்து கிடப்பார் என்று நினைத்து. மூச்சுக் காற்றில்லாமல் மயங்கி விழுந்த அவரைத்தான் கயிறு கட்டித் தூக்கினார்கள். ஆம்புலன்ஸ் எங்களைத் தாண்டிப் போனபோது அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. ஒன்றில் செருப்பு இல்லை.

மூன்றாம் நாள் கண் விழித்தார். முதலில் கேட்டது, "செல்வத்த எடுத்துட்டாங்களா?" அப்பா கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றிருந்தார். மாமா பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். இன்னும் எதையாவது பிடித்துக்கொள்ளாமல் நடக்க முடியவில்லை. டோக்கனை எடுக்காததற்காக அப்பாவின் அனுமதி அட்டையைப் பறித்துவிட்டார்கள். கப்பல் கிளம்பிப் போய்விட்டது. நான் பார்த்தது அந்தக் கம்பம் மட்டும்.

இதுபோல் போகிறவர்களுக்கு: ஆதார் அட்டை அசல் வேண்டும். மதிலுக்கு வெளியே நின்றும் படம் எடுக்காதீர்கள். நிழல் கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள். மாலை ஐந்துக்கு மேல் ஷேர் ஆட்டோ அரிது. சொன்ன நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் பேசாமல் உட்கார்ந்திருங்கள். உள்ளே வேலையில் இருப்பவருக்கு, வந்துவிட்டோம், சீக்கிரம் வாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.