சீர்வரிசைக்கு இரண்டாவது டேக்

சீர்வரிசைத் தட்டு அலங்கரிக்கிறவனுக்குப் பூவும் ரிப்பனும் தெரிந்தால் போதாது. வாடிக்கையாளர் கடைசியாகப் போனில் எதைப் பார்த்தார் என்பதும் தெரிய வேண்டும். கள்ளிக்குப்பத்தில் கடை வைத்திருக்கிறேன். கல்யாண மண்டபங்களில் கேமராக்காரரின் முதுகை மட்டுமே பார்த்துவிட்டு, தாலி கட்டியாயிற்று என்று நம்பி அட்சதை போட்டவர்களே, என் துன்பம் உங்களுக்குப் புரியும்.

சீரியல் வீட்டுச் சீர்

பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் குமார், தங்கை மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் செய்ய வந்தார். அவர் நீட்டிய போனில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் துண்டு ஓடியது. யாரும் வேலைக்குப் போகாத, நகையைக் கழற்றாமலே தூங்குகிற ஒரு மாளிகைக் குடும்பம். அதற்குத் தட்டுத் தட்டாக, ஸ்லோ மோஷனில் சீர் வருகிறது. குபேரன் வீட்டில்கூட இவ்வளவு மெதுவாக நடந்ததாக எந்தப் புராணத்திலும் நான் படித்ததில்லை. அதேபோல வேண்டும் என்றார். குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன்.

"கொயந்தைக்கு இன்னா புடிக்கும்னு எவன் கேக்கப்போறான் அண்ணாத்தே? இதுல இன்னா கீதோ, அத்த அப்டியே வையி."

ஒளிந்த வாழைப்பழம்

பிறகு தங்கை செல்வி வந்தார். அண்ணனின் பிடிவாதத்துக்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது. அவருடைய ஓரகத்திக்கு வந்த சீர் ரீல்ஸாக ஓடியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் முன்பே மாமியார் அதைக் காட்டுகிறாராம், செல்வியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. அண்ணன் சீர் அதற்கு ஒரு படி குறைந்தாலும் அந்த வீட்டில் அவர் தலைநிமிர முடியாது.

ஆகவே இரண்டு வீட்டிலும் யாரும் தின்றறியாத கிவிப் பழம் வந்தது. சாக்லேட் கோபுரத்துக்கு அடியில் தெர்மாகோல் வந்தது. வாழைப்பழமும் மஞ்சளும் இல்லாமல் சீர் ஏது என்று நான் முனகினேன்.

"வெக்கத்தான் வேணும்ண்ணா. ஆனா கேமராவுல தெரியாத மாதிரி பின்னாடி வெச்சிடுங்க."

திரும்பிப் போன தட்டுகள்

அம்பத்தூர் மண்டபத்துக்குள் மேளத்தோடு சீர் வந்து இறங்கியது. வீடியோக்காரருக்கு வெளிச்சம் போதவில்லை. குமாரின் முகம் வியர்வையில் மின்னுகிறது என்று கழுவி வர அனுப்பினார். குமாரின் முகம் வியர்வையில் மின்னுகிறது என்று கழுவி வர அனுப்பினார். பெண்கள் தட்டுகளோடு வெளியே நடந்தார்கள். மாமியார் வாசலில் நின்று, சீக்கிரம் போங்க என்று கையை வீசினார்.

அந்த நேரம் பார்த்துக் குமார் திரும்பி வந்தார். இறங்கிய சீர் வாசல் தாண்டி வெளியே போனால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கொண்டுவந்தவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. தோள் துண்டை உதறிவிட்டு பைக்கை நோக்கி நடந்தார். நான் சொன்னது மேளத்தில் கரைந்துபோனது. உள்ளே ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார். மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. செல்வி தெருவுக்கு ஓடி, பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, நடந்ததை அழுதபடியே சொன்னார்.

"ரீல்ஸு நாசமாப் போவட்டும்ணா. நீ போய்ட்டா எம்பொண்ணு யார் மடில குந்தும்?"

பேக்கேஜ்

குமார் திரும்பி வந்தார், காது குத்தியாயிற்று. ஆனால் வீடியோக்காரர் தெருவில் நடந்ததையும் விடாமல் பிடித்திருந்தார். சோக இசை சேர்த்து ஏற்றினார். ஓரகத்தியின் சீரை அது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. மாமியார் இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் இதைத்தான் காட்டுகிறார். அது ஓடும்போது செல்வி அடுப்படிக்குப் போய்விடுகிறாராம்.

போன வாரம் மாங்காட்டு அடுக்ககத்திலிருந்து ஒருவர் வந்தார். ஐ.டி. வேலை, கோயம்புத்தூர்க்காரர், மிக மரியாதையான மனிதர். போனை நீட்டினார், திரையில் குமார் துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அந்த மாமா கோவிச்சுட்டுப் போறாருல்லீங்க, அது பேக்கேஜ்லயே வருதுங்களா, தனியாச் சொல்லோணுங்களா?"

அழுகைக்கும் ரிப்பன் கட்டிக் கேட்கிற காலத்தில், தட்டுகளோடு சேர்த்து, கோபிக்கத் தெரிந்த மாமன் ஒருவரையும் வாடகைக்கு வைத்துக்கொள்ளாதது என் தொழிலறிவின் குறைதான்.